கப்பல் மாடலில் கோளாறா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது எப்படி

கப்பல் கிட்டில் ஒரு கோளாறு கண்ணில் படும் நேரம் ஒன்று, அது உண்டான நேரம் வேறொன்று. பெயின்ட் அடித்த பிறகு ஹல்லின் (கப்பலின் உடற்கூட்டின்) முன்முனையில் ஒரு கோடு தெரிந்தால் பெயின்டைத் திட்டிப் பயனில்லை, பசை காய்வதற்குள் உப்புத்தாளைக் கையில் எடுத்தபோதே அந்தக் கோடு உள்ளே உட்கார்ந்துவிட்டது. ரெய்லிங் அலை அலையாக நிற்கிறதா, ஒட்டிய விதத்தைவிட வெட்டிய விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் பின்னால் போய் எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, அப்புறம் இப்போதைக்கு என்ன செய்யலாம் என்று வருகிறேன். பெரும்பாலும் 1/350, 1/700 பிளாஸ்டிக் கிட்கள்தான் பேச்சு. மரக்கப்பல் கட்டுகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். 1/700இல் அரை மில்லிமீட்டர் இடுக்கு என்பது நிஜக் கப்பலில் 35 சென்டிமீட்டர், ஒரு மாலுமியின் கால் உள்ளே போய்விடும். அதே இடுக்கு 1/350இல் 17.5 சென்டிமீட்டர். எதைச் சரிசெய்தே ஆக வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பாகங்கள் மிச்சமாகின்றன, அல்லது தனியாக வாங்கிய எட்ச் பொருந்தவில்லை

பாகம் மிச்சமானால் பதற வேண்டாம். ஒரே அச்சிலிருந்து இரண்டு மூன்று கப்பல்களையோ, ஒரே கப்பலின் வெவ்வேறு ஆண்டுத் தோற்றங்களையோ எடுப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். வழிமுறைத் தாளின் பாக வரைபடத்தில் பெருக்கல் குறியோ சாம்பல் நிறமோ போட்டிருந்தால் அது இந்தக் கப்பலுக்கு வேண்டாத பாகம். ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள்: 1941இல் சேவைக்கு வந்தபோது நடுப்பகுதியின் இரண்டு பக்கங்களிலும் 15.5 செ.மீ. மும்மைப் பீரங்கிக் கூண்டுகள் இருந்தன, 1944இன் தொடக்கத்தில் அவற்றை எடுத்துவிட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். பெட்டிப் படம் 1945ஐக் காட்டும்போது அந்தக் கூண்டுகளை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒட்டினால் கப்பல் இரண்டு காலத்தில் நிற்கும்.

எட்ச் (மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த, ரெய்லிங் போன்ற நுண்பாகங்கள்) பொருந்தாததற்குக் காரணம் பெரும்பாலும் வாங்கும்போதே நடந்தது. எட்ச் செட் ஒரு கப்பலுக்குச் செய்யப்படுவதில்லை, ஒரு குறிப்பிட்ட கிட்டின் அச்சுக்குச் செய்யப்படுகிறது. டமியா நிறுவனம் 2011இல் 1/350 யமாட்டோவை முழுக்கப் புதிய அச்சில் கொண்டுவந்தது. பழைய அச்சுக்குச் செய்த எட்ச் இதில் உட்காராது, கப்பல் அதே கப்பல், அளவு அதே அளவு என்றாலும். ஏர்ஃபிக்ஸின் பழைய 1/600 கப்பல்களுக்கு 1/700 ரெய்லிங்கை மாட்டப் பார்ப்பதும் இதே வகைத் தொல்லைதான். இன்னொன்று, பெட்டி புதிது என்பதால் அச்சும் புதிது என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பானின் ஷிசுவோகா தயாரிப்பாளர்கள் 1971இல் சேர்ந்து தொடங்கிய 1/700 வாட்டர்லைன் (நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி மட்டும் வரும்) வரிசையிலேயே பழைய அச்சுகளும் புத்தம் புதியவையும் அருகருகே கிடைக்கும். ஓரங்களில் மெல்லிய பிளாஸ்டிக் பிசிறு, தளத்தில் அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடும் ஊசிகளின் வட்ட வட்டமான தடங்கள், மொண்ணையான சிறு பீரங்கிகள் எல்லாம் தெரிந்தால் அது வயதான அச்சு. அதில் குறை ஒன்றும் இல்லை, வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவே.

மேசையில் வைத்தால் ஹல் ஆடுகிறது

முன்முனையும் பின்முனையும் மேலே தூக்கியபடி ஹல் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். வாட்டர்லைன் கிட்களில் இதைப் பார்க்காதவர் கிடையாது. நீளமும் மெல்லிய சுவரும் கொண்ட பாகம் அச்சில் சூடாக இருக்கும்போதே வெளியே வந்து, பெட்டிக்குள் மற்ற ஸ்ப்ரூக்களின் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களின்) அழுத்தத்தில் ஆறிப்போனதன் விளைவு இது. தரையை நம்பாதீர்கள், மேசையையும் நம்பாதீர்கள், ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து எங்கே வெளிச்சம் புகுகிறது என்று பாருங்கள்.

தீர்வு, கை பொறுக்காத அளவு சூடான தண்ணீர், 60 முதல் 70 டிகிரி வரை. கொதிநீர் வேண்டாம். கிட் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும், அப்புறம் வளைவு போய் வேறு வளைவு வரும். ஹல்லை ஒரு நிமிடம் மூழ்கவைத்து, எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்துப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டுங்கள். ஒரே முறையில் நேராகாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், அவசரப்பட்டு அழுத்தினால் வெள்ளைக் கோடு விழுந்து அங்கேயே உடைந்துவிடும்.

வளைவு அரை மில்லிமீட்டருக்குள் என்றால் இந்த வம்பெல்லாம் வேண்டாம். அடித்தட்டையும் ஹல்லையும் கண்ணாடியின் மேல் கனமான எதையாவது வைத்து அழுத்தியபடி நடுவிலிருந்து இரண்டு முனைகளை நோக்கி, ஒரு விரல்நீளம் ஒட்டி, அது பிடித்த பிறகு அடுத்த விரல்நீளம் என்று போனால் ஹல் தானாக வழிக்கு வரும். மேல்தளத்தால் மூடுவதற்கு முன் உள்ளே இரண்டு நட்டுகளை எபாக்சியில் பதித்துவிடுங்கள். பின்னால் அடிப்பலகையில் திருகி நிறுத்தலாம், பெயின்ட் அடிக்கும்போது கைப்பிடியாகவும் ஆகும். ஹல்லைக் கையில் பிடித்துப் பிடித்தே எத்தனை ரெய்லிங்குகள் மடங்குகின்றன என்று கட்டினவர்களுக்குத் தெரியும்.

இரண்டு பாதி ஹல்லாக வரும் முழு ஹல் கிட்களில் வளைவோடு முறுக்கமும் சேர்ந்துவிடும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், சுக்கானும் முன்முனையும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் குறுக்குத்தட்டுகளை ஒட்டும் வரிசையில்தான் தப்பு. இடது பாதியில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு வலது பாதியைக் கொண்டுபோய் மாட்டினால் அது முறுக்கிக்கொள்ளும்.

மேல்தளம் உட்கார மாட்டேன் என்கிறது

தளத்தை அழுத்தினால் முன்னால் இறங்குகிறது, பின்னால் எழும்புகிறது. பக்கவாட்டில் ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, மறுபக்கம் இடுக்கு. இதில் ஐந்துக்கு மூன்று தடவை குற்றவாளி ஒரு துளியூண்டு ஸ்ப்ரூ மிச்சம்தான். ஹல் சுவரின் உள்பக்க விளிம்பிலும் தளத்தின் ஓரத்திலும் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்காவது தட்டும். அதைச் சீவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்படியும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள், தளம் அகலமா அல்லது ஹல் உள்ளே வாங்கியிருக்கிறதா என்று. ஹல் சுவர்கள் உள்பக்கமாகச் சாய்வதுதான் அதிகம். ஸ்ப்ரூச் சட்டத்திலிருந்து நீளமாக நறுக்கிய துண்டுகளைக் குறுக்கே உதைகாலாக வைத்து ஹல்லைத் தேவையான அகலத்துக்கு விரித்து ஒட்டி, ஒரு ராத்திரி விட்டுவிட்டுத்தான் தளத்தைக் கொண்டுவர வேண்டும். தளத்தின் ஓரத்தை அரத்தால் தேய்த்துச் சிறிதாக்குவது கடைசி வழி. சுலபமாகத் தெரியும், ஆனால் தளத்தின் ஓரத்தில் இருக்கும் நீர்வடிகால் கோடும் சேர்ந்து போய்விடும்.

தளத்தையும் ஹல்லையும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்துவிட்டுச் சேர்க்கப் பார்க்கிறீர்களா? பெயின்ட்டுக்கும் தடிமன் உண்டு. ஒட்டும் இரண்டு ஓரங்களிலும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டிவிடுங்கள், கரைப்பான் பசைக்கும் அப்போதுதான் பிடிக்கும். மெல்லிய மரத் தகட்டைத் தளமாக ஒட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தகடு ஏறியதும் அதன் மேல் நிற்கும் எல்லாமே அதன் தடிமன் அளவுக்கு உயர்ந்துவிடும், கோபுரத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் வரும் நடைபாலம் எட்டாமல் போகும். மரத் தகட்டை ஒட்டுவதற்கு முன் எல்லாத் துளைகளிலும் பாகங்களைச் சும்மா நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. அதன் பின்பக்கப் பசை முதல் தடவை பிடிப்பதுபோல் இரண்டாம் தடவை பிடிக்காது.

அடைத்த கோடு மறுபடி தெரிகிறது

இதுதான் கப்பல் கட்டுகிறவர்களை அதிகம் நோகடிப்பது என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒட்டினீர்கள், தேய்த்தீர்கள், பிரைமர் போட்டபோது வழவழவென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் மெல்லிய பள்ளம்.

டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற பசைகளில் இருப்பது அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இவை தனியாகப் பசையாக நிற்பதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு ஓரங்களையும் ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகின்றன. தொட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் இறுகியதுபோல் தோன்றும், ஆனால் உள்ளே கரைந்த பிளாஸ்டிக்கிலிருந்து ஆவி முழுதாக வெளியேற ஒன்றிரண்டு நாள் ஆகும், தாராளமாகப் பசை விட்டிருந்தால் இன்னும் கூடுதலாக. அது வெளியேறும்போது அந்த இடம் சுருங்குகிறது. சுருங்குவதற்கு முன்னால் நீங்கள் சமமாகத் தேய்த்துவிட்டால், சுருங்கிய பிறகு பள்ளம் தெரியாமல் என்ன செய்யும்? இடுக்கை அடைக்கும் லேக்கர் வகைப் புட்டியும் (பூச்சுக்களிம்பும்) இதே கதைதான், தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்.

ஆகவே இணைப்பை லேசாகப் பிசிறு பிதுங்கும்படி ஒட்டி, 48 மணி நேரம் தொடாமல் விட்டு, அதற்கப்புறம் 400இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாளில் வாருங்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் புட்டிக்குப் பதில் சூப்பர் க்ளூவைக் கோட்டில் ஓட்டி இறுகவைத்துத் தேய்க்கலாம், அது சுருங்காது. ஆனால் அன்றைக்கே தேய்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு அது பக்கத்துப் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகியிருக்கும், தேய்த்தால் பிளாஸ்டிக் இறங்கும், பசை மேடாக நிற்கும்.

பிரைமர் போட்டபின் விரல்நுனியைக் கோட்டின் குறுக்கே நகர்த்துங்கள், நீளவாக்கில் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் குறுக்கே போகும் விரலுக்குத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்துப் பார்ப்பதும் உதவும்.

எல்லாக் கோட்டையும் அடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஹல்லின் இரும்புத் தகடுகள் சேரும் கோடுகள் நிஜக் கப்பலிலும் உண்டு, கிட்டில் அவற்றை வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள். அடைக்க வேண்டியது முன்முனையின் நடுக்கோடும் அடிக்கட்டையும்தான்.

பெயின்ட் சொரசொரக்கிறது, உரிகிறது, டேப்புக்கு அடியில் கசிகிறது

சொரசொரப்பு என்றால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுகிறது. ஏர்பிரஷ் தூரத்தில் இருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகம், அல்லது பெயின்ட் கெட்டி. 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்துப் பாருங்கள், கொஞ்சம் தின்னர் கூட்டுங்கள். மாறாக பெயின்ட் சிலந்திக்கால்போலக் கிளைவிட்டு ஓடினால் தின்னர் கூடிவிட்டது அல்லது கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அடித்தது காய்ந்த பிறகு 1500 உப்புத்தாளில் ஈரமாகத் தேய்த்தால் சொரசொரப்பு போய்விடும், உரிக்க வேண்டியதில்லை.

டேப்பை எடுக்கும்போது பெயின்ட் தகடாக வந்தால் கோளாறு பிரைமருக்கும் முன்னால் இருக்கிறது. அச்சிலிருந்து பாகம் சுலபமாக வரத் தடவும் வழுவழுப்பும் உங்கள் விரல் எண்ணெயும் ஹல்லின் மேல் இருக்கின்றன. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பல்துலக்கியால் ஸ்ப்ரூவோடு கழுவிக் காயவைப்பதைப் பலர் தேவையில்லாத சடங்கு என்கிறார்கள். ரெசின் பாகங்களுக்கும் உலோகத்துக்கும் கட்டாயம் தேவை, பிளாஸ்டிக்குக்கும் செய்துவிட்டால் நஷ்டமில்லை. உரிந்துவிட்ட இடத்தில் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, பிரைமரைத் தொட்டு, மறுபடி அடியுங்கள். அப்படியே மேலே அடித்தால் படிக்கட்டு தெரியும். டேப்பைச் செங்குத்தாக இழுக்காமல் தன் மேலேயே மடிந்து வரும்படி தாழ்வாக இழுக்க வேண்டும்.

கசிவுக்கு மருந்து சுலபம். டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் ஏற்கனவே இருக்கும் நிறத்தையே லேசாக ஒரு தடவை அடியுங்கள். கசிந்தால் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துவிடும், அதற்கு மேல் புது நிறம் உள்ளே போக வழியில்லை.

நீர்க்கோடு கோணலா? டேப்பைக் குறை சொல்வதற்கு முன் கோட்டை எப்படிப் போட்டீர்கள் என்று பாருங்கள். கண்ணளவில் ஹல்லின் வளைவைப் பின்பற்றிப் போட்டால் முன்முனையில் ஏறிவிடும். ஹல்லை மட்டமாக நிறுத்தி, ஒரு கட்டையின் மேல் பென்சிலைக் கிடையாகக் கட்டி, கட்டையைக் கண்ணாடியின் மேல் நகர்த்தியபடி சுற்றி வந்தால் கோடு தானே மட்டமாக விழும். இதே கருவி அமெரிக்கக் கடற்படையின் மெஷர் 22 வண்ணத்துக்கும் வேண்டும். கீழே நேவி ப்ளூ, மேலே ஹேஸ் கிரே, நடுவிலுள்ள எல்லைக்கோடு மேல்தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தொட்டு நீர்க்கோட்டுக்கு இணையாகப் போகும். தளத்தின் விளிம்போடு சேர்ந்து முன்னால் ஏறாது. முன்முனையில் கோட்டுக்கு மேலே சாம்பல் நிற முக்கோணம் தெரியவில்லை என்றால் அந்த மெஷர் 22 தவறு.

பெயின்ட் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்தால் வரிசை தவறியிருக்கிறது. எனாமல் மேலே லேக்கர் அடித்திருப்பீர்கள். லேக்கர் அடியில், அதன் மேல் அக்ரிலிக், எல்லாவற்றுக்கும் மேல் எனாமல் வாஷ் (கோடுகளில் இறங்கும் நீர்த்த பெயின்ட்). இதில் சமாதானம் கிடையாது, உரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வாஷ் போட்ட சில மணி நேரத்தில் பாகமே விரிசல் விட்டால் கதை வேறு. இழுத்துப் பிடித்து ஒட்டிய இணைப்புக்குள் எனாமல் தின்னர் இறங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் இறுக்கத்தில் இருக்கும்போது அந்தத் தின்னர் பட்டால் வெடிக்கும். பளபள வார்னிஷ் ஒரு படலம் போட்டுவிட்டு, வாஷைக் குளம் கட்டாமல் மெல்லிய தூரிகையால் கோடுகளில் மட்டும் விட்டால் வராது. ரொம்ப இறுக்கத்தில் இருக்கும் இணைப்பென்றால் வாஷே வேண்டாம். சொல்லப்போனால் 1/700 கப்பலில் துரு என்ற பெயரில் பலர் போடும் பட்டைகள் நிஜத்தில் பல மீட்டர் அகலம் வரும். நங்கூரத்துக்குக் கீழே ஒரு கீற்று போதும்.

பாகங்களைச் சுற்றி வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது

சூப்பர் க்ளூவின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து படிவது இது. பசை அதிகம், காற்றோட்டம் குறைவு. ஜன்னலைத் திறந்துவைத்து, பசையை நேராகக் குப்பியிலிருந்து விடாமல் ஒரு ஊசியின் காதில் எடுத்து வைத்தால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டதென்றால் மட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒரு படலத்தில் மறைந்துவிடும். கண்ணாடி ஜன்னல்கள், தேடுவிளக்கு லென்ஸுகள் இவற்றின் பக்கமே சூப்பர் க்ளூவைக் கொண்டுபோகாதீர்கள், அங்கெல்லாம் வெள்ளைப் பசைதான்.

ரெய்லிங் நெளிகிறது, ஒட்டவில்லை, மடிக்கும்போது உடைகிறது

ரெய்லிங்கை எதன் மேல் வைத்து வெட்டினீர்கள்? பச்சைக் கட்டிங் மேட் மென்மையானது, கத்தி இறங்கும்போது பித்தளையும் சேர்ந்து இறங்கும், வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன வளைவு உண்டாகும். கண்ணாடி அல்லது தரை ஓட்டுத் துண்டின் மேல் வைத்து, வளைந்த அலகுள்ள கத்தியை உருட்டி அழுத்தினால் தட்டையாகவே வரும். கப்பலின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக ஒட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெப்பத்தில் விரிவது ஒன்றல்ல, வெப்பநிலை மாறும்போது நீளமான துண்டு அலையாகும். சில சென்டிமீட்டர் துண்டுகளாக, தூண் வரும் இடத்தில் வெட்டி ஒட்டினால் இணைப்பும் தெரியாது.

ஒட்டுவதற்கு, முதலில் வெள்ளைப் பசை. மெல்லிய ஒரு கோடு தளத்தின் ஓரத்தில் விட்டு ரெய்லிங்கை நிறுத்தினால், நகர்த்திச் சரிபார்க்கச் சில நிமிடம் கிடைக்கும், அதிகமானது காய்ந்ததும் தெரியாது. நிறுத்தி முடித்த பிறகு வேண்டுமானால் முனைகளில் மட்டும் சூப்பர் க்ளூ ஒரு புள்ளி. நேரடியாகச் சூப்பர் க்ளூவில் இறங்கினால் பதறிய காரியம் சிதறும் என்பது அப்படியே நடக்கும்.

மடிக்கும் கோட்டில் உடைவது, ஒரே இடத்தை முன்னும் பின்னுமாக மூன்று நான்கு முறை மடித்ததால். பித்தளையைத் தீச்சுவாலையில் ஒரு கணம் காட்டி ஆறவிட்டால் இளகும், உருளையான பாகங்களை வளைக்க அது நல்லது, ஆனால் ரெய்லிங்கை இளக்கினால் விரல் பட்டாலே வளையும். மடிப்பின் பள்ளக்கோடு பொதுவாக மடிப்புக்கு உள்பக்கம் வர வேண்டும், வழிமுறைத் தாள் வேறு சொன்னாலொழிய.

முதல் கப்பலுக்கே பெட்டியில் உள்ள எட்ச் முழுவதையும் போட்டாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ரெய்லிங், ரேடார், விமானம் தூக்கும் கிரேன், இந்த மூன்றையும் போட்டாலே தோற்றம் மாறிவிடும். 1/700இல் ஒரு மீட்டர் உயர ரெய்லிங் 1.4 மில்லிமீட்டர்தான். கதவுகளையும் தீயணைப்புக் குழாய்ச் சுருள்களையும் அடுத்த கப்பலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்ட் சாய்கிறது, ரிக்கிங் தொய்கிறது

இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ரிக்கிங் நூலை (மாஸ்ட்டில், அதாவது கம்பத்தில், கட்டும் கயிறுகளை) இறுக்கினால் பிளாஸ்டிக் மாஸ்ட் வளைகிறது, மாஸ்ட் வளைந்ததும் முதலில் கட்டிய நூல் தொய்கிறது, அதை இறுக்கினால் அது இன்னொரு பக்கம். நூலோடு போராடுவதை நிறுத்திவிட்டு மாஸ்ட்டை மாற்றுங்கள். அதே விட்டத்தில் பித்தளைக் கம்பி வைத்து, அடியில் ஹல்லுக்குள் ஒரு சென்டிமீட்டராவது இறங்கும்படி துளை போட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

மாஸ்ட்டை மாற்ற முடியாத நிலை என்றால் நூல் வகையை மாற்றலாம். ரிக்கிங்குக்கென்றே வரும் மெல்லிய எலாஸ்டிக் நூல் தன் நீளத்தைப்போல் பல மடங்கு நீளும், லேசாக இழுத்து ஒட்டினால் மாஸ்ட்டை இழுக்காமலே நேராக நிற்கும். ஸ்ப்ரூவைச் சூடாக்கி இழுத்த நூலென்றால், இரண்டு முனையும் ஒட்டிக் காய்ந்தபின் சூடான சால்டரிங் முனையைப் பக்கத்தில், தொடாமல் காட்டினால் சுருங்கி இறுகும். ஒரு நொடி கூடினால் அறுந்துவிடும், உஷார். பருத்தி நூல் பாய்மரக் கப்பலுக்குச் சரி, ஆனால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும், போர்க்கப்பலின் ஆன்டெனாவுக்கு வேண்டாம்.

நூலை மாஸ்ட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொண்டே வாருங்கள். சாய்வைப் பார்க்கப் பக்கத்திலிருந்து பார்த்துப் பயனில்லை, முன்முனையிலிருந்து தளத்தின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். புகைபோக்கியும் கோபுரமும் மாஸ்ட்டும் ஒன்றின் பின் ஒன்றாக மறைய வேண்டும். பக்கவாட்டில் சில கப்பல்களின் மாஸ்ட் பின்னோக்கிச் சாய்ந்தே இருக்கும், அதை நிமிர்த்திவிடாதீர்கள்.

3டி அச்சுப் பாகங்கள் பொடிப் பொடியாக உடைகின்றன

புதிய கிட்களிலும் தனியாக விற்கும் பீரங்கிகளிலும் இது இப்போது நிறைய வருகிறது. விவரம் அபாரம், ஆனால் அந்த ரெசின் நொறுங்கும் சுபாவம் உள்ளது. தாங்கிக் கம்பிகளைப் பாகத்தின் பக்கத்தில் வெட்டுவதுதான் தவறு, முதலில் அடித்தட்டுப் பக்கம் வெட்டிக் கூட்டத்திலிருந்து பிரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சில நொடி போட்டு, அப்புறம் பாகத்தை ஒட்டிய கம்பியைக் கூர்மையான அலகால் சீவுங்கள். நிப்பரால் கடித்தால் அதிர்விலேயே பீரங்கிக் குழாய் போய்விடும். தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் ரெசின் முழுதாக இறுகவில்லை, பெயின்ட் நிற்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, காயவைத்து, புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ கொஞ்ச நேரம் வையுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது ஈரமாகத் தேய்க்கவும், மூக்கை மூடிக்கொள்ளவும். இதற்குக் கரைப்பான் பசை ஒட்டாது, சூப்பர் க்ளூதான்.

டெக்காலைச் சுற்றி வெள்ளிபோல் மினுங்குகிறது

அடியில் காற்று. டெக்காலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலத்தை) மட் பெயின்ட்டின் மேல் நேராக ஒட்டியிருப்பீர்கள். ஊசியால் அங்கங்கே குத்தி, டெக்கால் இளக்கியை விட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியை உருட்டி அமுக்குங்கள், இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் போய்விடும். அடுத்த முறை பளபள வார்னிஷ், டெக்கால், அப்புறம் மட் வார்னிஷ் என்ற வரிசை. ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் கருப்பு வெள்ளைப் பட்டைகளை டெக்காலாகத் தரும் கிட்களில் இந்த அவஸ்தை பெரிதாக இருக்கும், பட்டைகளை மாஸ்க் செய்து அடித்துவிடுவதே மேல். அந்தப் பட்டைகளையும் 1941 மே மாதம் அட்லாண்டிக் நோக்கிப் புறப்பட்ட பயணத்தில் நார்வேயில் நின்றபோது சாம்பல் நிறத்தால் மறைத்துவிட்டார்கள் என்பதால், கடைசிப் போரின் கப்பலைக் கட்டுகிறவருக்கு அந்தத் தலைவலியே இல்லை.

மரக்கப்பல்: பலகைகள் படிப்படியாக நிற்கின்றன, ஹல் முறுக்குகிறது

பலகை ஒட்டியபின் ஹல்லின் மேல் கையை ஓட்டினால் மேடும் பள்ளமும் தட்டுப்படும். பலகையைத் தேய்த்துத் தீர்க்கப் பார்த்தால் ஓரிடத்தில் ஓட்டை விழுந்துவிடும். காரணம் உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டங்கள். முன்முனையிலும் பின்முனையிலும் உள்ள சட்டங்களின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்காமல் விட்டால் பலகை விளிம்பின் ஒரு கூரில் மட்டும்தான் உட்காரும். பலகை ஒட்டுவதற்கு முன் ஒரு மெல்லிய பலகையைக் குறைந்தது மூன்று சட்டங்களின் மேல் படியவைத்து, எங்கே இடைவெளி விடுகிறது, எங்கே முட்டித் தள்ளுகிறது என்று பார்த்துச் சட்டங்களைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். நாள் பிடிக்கும் வேலைதான், ஆனால் பலகை ஒட்டும் வேலையில் பாதி இதுவே. இரட்டைப் பலகை கிட் என்றால் முதல் அடுக்கின் பள்ளத்தை மரப்புட்டியால் நிரப்பி மழித்துவிடலாம், இரண்டாம் அடுக்கு மூடிவிடும். ஒற்றை அடுக்கில் அந்தச் சலுகை கிடையாது.

ஹல் முறுக்கினால் ஒரு பக்கத்தையே தொடர்ந்து ஒட்டியிருக்கிறீர்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறித்தான் போக வேண்டும். பாதியில் கண்டுபிடித்துவிட்டால் எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்து ஒட்டி ஓரளவு இழுத்து வரலாம். கிட்டோடு வரும் நடுச்சட்டமே வளைந்திருந்தால் குறுக்குச் சட்டங்களை மாட்டும் முன்பே, ஈரப்படுத்திச் சமதளத்தில் கனம் வைத்துக் காயவிட்டு நேராக்க வேண்டும். அதை ஒத்திப்போட்டால் பின்னால் எதுவும் கைகொடுக்காது.

முன்முனையில் பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, அகலத்தைக் குறைக்காததால். கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு, அத்தனை பலகைகளும் முழு அகலத்தில் அங்கே அடங்காது. நடுச் சட்டத்திலும் முன் சட்டத்திலும் சுற்றளவைத் தாள் பட்டையால் அளந்து, பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தந்த இடத்துக்கான அகலத்துக்கு ஒவ்வொன்றையும் கூம்பவிடுங்கள். பலகையைப் பாதி அகலத்துக்கும் கீழே கூம்பவிட வேண்டியிருந்தால் ஒரு வரிசையை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. பின்முனையில் இதற்கு நேர்மாறு, அங்கே இடம் மிஞ்சி ஆப்பு வடிவ இடைவெளி விழும். பலகையைப் பக்கவாட்டில் வலிந்து வளைத்து அதை மூடப் பார்க்காதீர்கள், ஓரம் எழும்பிவிடும். இடைவெளியைத் தாளில் நகலெடுத்து, அதே வடிவத்தில் ஒரு துண்டு சீவி இறக்குங்கள்.